சேர்வராயன் மலையில் தெரிவது புகையா, பனியா? வாசிப்பு வட்டத்துக்கு எந்த இறைமறுப்பு நூலை எடுப்பது

சேலத்தில் நாத்திகம் பேச ஆள் தேட வேண்டியதில்லை. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில்தான். 1971 ஜனவரியில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்து நாடு முழுக்கப் பேசப்பட்டதும் இங்கேதான். அதே ஊரில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை அன்று மனிதர்களே சாமி வேடம் கட்டி வண்டியேறி வருவார்கள். ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில், இரண்டு தரப்பும் உண்டு. ஆளுக்குக் குறைவில்லை, வாதத்துக்குத்தான் பஞ்சம். எட்டுப் பத்துப் பேர் ஞாயிறு மாலை கூடி ஓர் இறைமறுப்பு நூலை ஒழுங்காகப் படிப்பது என்று முடிவெடுத்தால் முதல் கேள்வி எதைப் படிப்பது என்பது.

அதிகம் விற்ற நூலை எடுப்பதுதான் வழக்கம். ஆனால் எத்தனை பிரதி விற்றது என்பது ஒரு கணக்கு, உள்ளேயிருக்கும் வாதம் நிற்கிறதா என்பது வேறு கணக்கு. கீழே உள்ள ஒப்பீடு இரண்டாவது கணக்கைப் பார்க்கிறது. கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது இதன் வேலையில்லை.

உரைகல்லுக்கு வெளியூர் போக வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லித்தரும் அளவை நூல் போதும். வாதத்துக்கு ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதன்பின் வாதம் எங்கெங்கே பொய்க்கும் என்று காவியம் வரிசைப்படுத்துகிறது: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. முப்பத்து மூன்றையும் உருப்போட வேண்டாம். இரண்டு ஏதுப் போலிகள் கைவசம் இருந்தால் இன்றைய நாத்திக நூல்களில் பாதியை உரசிப் பார்த்துவிடலாம்.

முதலாவது சித்தாசித்தம், அதாவது ஏதுவே ஐயத்துக்குரியது. ஆவியோ பனியோ என்ற சந்தேகம் தீராமலே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைத் துணிவதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது காவியம். மார்கழிக் காலையில் அஸ்தம்பட்டியில் நின்று சேர்வராயன் மலையைப் பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரண்டாவது அன்னியதராசித்தம். சொல்கிறவருக்கு ஏது சம்மதம், எதிராளிக்குச் சம்மதமில்லை. அப்படிப்பட்ட ஏதுவை வைத்து எவ்வளவு உயரம் கட்டினாலும் எதிராளி அடித்தளத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

இனி நூல்களுக்கு வருவோம். எல்லாரும் முதலில் நீட்டுவது உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் எழுதிய 'தி காட் டெலூஷன்'. தமிழில் கு.வெ.கி. ஆசான் மொழிபெயர்ப்பில் 'கடவுள் ஒரு பொய் நம்பிக்கை' என்று வந்திருக்கிறது. பத்து அத்தியாயம். அவற்றில் நேரடியாகக் கடவுள் உண்டா என்று வாதிடுபவை 3, 4 ஆகிய இரண்டும்தான். மற்றவை மதம் எப்படித் தோன்றியது, ஒழுக்கத்துக்கு மதம் வேண்டுமா, பிள்ளைகளுக்கு மதம் புகட்டலாமா என்பவை. நல்ல கேள்விகள்தான், ஆனால் வேறு கேள்விகள். மூன்றாம் அத்தியாயம் மெலிவு: இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கடவுளை நிறுவ வைத்த ஐந்து வழிகளுக்குச் சுமார் மூன்று பக்கம், அதிலும் முதல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரங்கட்டிவிடுகிறார்.

நான்காம் அத்தியாயம்தான் நூலின் முதுகெலும்பு. அதன் முடிவில் டாக்கின்ஸே வாதத்தை ஆறு படிகளாகச் சுருக்கித் தருகிறார். உயிர்களின் சிக்கலான அமைப்புக்கு விளக்கம் தேவை. யாரோ வடிவமைத்தார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வடிவமைத்தவரை வடிவமைத்தவர் யார் என்ற பெரிய கேள்வி எழும். உயிரியலில் டார்வினின் இயற்கைத் தேர்வு அந்த விளக்கத்தைத் தந்துவிட்டது. இயற்பியலில் அதற்கு இணையான விளக்கம் இன்னும் இல்லை. அதனால் நம்பிக்கையிழக்க வேண்டாம். இந்த ஆறிலிருந்து அவர் எடுக்கும் முடிவு: கடவுள் ஏறத்தாழ நிச்சயமாக இல்லை.

ஆறையும் சார்ட் தாளில் எழுதி, முடிவைக் கடைசியில் எழுதி, நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். ஆறும் முழு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 'வடிவமைப்பைக் காட்டிக் கடவுளை நிறுவ முடியாது' என்பது மட்டும். ஒரு சாட்சி செல்லாது என்றால் வழக்கே பொய் என்று ஆகாது. டாக்கின்ஸுக்குச் சாதகமாக வாதத்தைத் திருத்திக் கட்டவும் முடியும்: வடிவமைக்கக்கூடிய எதுவும் தான் வடிவமைத்ததைவிடச் சிக்கலானதாக இருக்கும், சிக்கலானது படிப்படியாக வளராமல் திடீரென்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கடவுள் படிப்படியாக வளர்ந்தவர் என்று யாரும் சொல்வதில்லை, எனவே அவர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இது முடிவு வரை போய்ச் சேர்கிறது. ஆனால் முதல் படியில் அன்னியதராசித்தம் உட்கார்ந்திருக்கிறது. டாக்கின்ஸின் கணக்கில் சிக்கல் என்றால் பல பாகங்கள் தற்செயலாகச் சேர வாய்ப்பில்லாத வகையில் சேர்ந்திருப்பது. கடவுளுக்குப் பாகமே இல்லை என்பது அக்வினாஸின் நிலை. குணமே இல்லாத பரம்பொருளை, அதாவது நிர்க்குண பிரம்மத்தைப் பேசும் அத்வைதிக்கு இந்தப் படி காதிலேயே விழாது. தத்துவ அறிஞர் தாமஸ் நேகல், தாமே கடவுள் நம்பிக்கை இல்லாதவர், தம் மதிப்புரையில் சுட்டியதும் ஏறத்தாழ இதுவே: கடவுள் இயற்கைக்குள் இருக்கும் சிக்கலான இன்னொரு பொருள் என்று எடுத்துக்கொண்டால்தான் வாதம் ஓடும். டாக்கின்ஸ் பக்கம் நின்று திருப்பியும் கேட்கலாம். கோடிப் பேர் வேண்டுதலைப் பிரித்துப் பிரித்துக் கேட்கும் மனத்துக்கு உள்ளமைப்பு எதுவுமே இல்லை என்றால் அது என்ன மனம்? பதில் சொல்வது எளிதில்லை. உண்மையான விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. நூல் இதற்குச் சற்று முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறது.

இறையியல் படிக்காமல் எழுதிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு 2006இலேயே உயிரியலாளர் பி.இசட். மயர்ஸ் ஒரு பதில் சொன்னார். அரசர் அம்மணமாக நிற்கிறார் என்று சொல்ல அவருடைய இல்லாத உடையின் தையல் சாத்திரம் படிக்க வேண்டுமா என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது, பாதி இடத்தில் பொருந்தவும் செய்கிறது. கோயில் வாசலில் நிற்கும் பக்தரின் நம்பிக்கையைக் கேள்வி கேட்க அக்வினாஸ் தேவையில்லை. அக்வினாஸை மறுத்துவிட்டேன் என்று அறிவிக்க அக்வினாஸ் தேவை.

கிறிஸ்டஃபர் ஹிட்சன்ஸின் 2007 நூலும் சாம் ஹாரிஸின் 2004 நூலும் இதே அலையில் வந்தவை. படிக்க விறுவிறுப்பு, வட்டத்துக்கு உதவாது. மதம் எல்லாவற்றையும் நஞ்சாக்குகிறது என்று ஹிட்சன்ஸ் அட்டையிலேயே போட்டுவிட்டார். 'எல்லாம்' என்று சொன்ன வாதத்தை வீழ்த்த ஒரே ஒரு எதிர்ச்சான்று போதும். ஏற்காட்டுக் கிறித்தவப் பள்ளியில் படித்து ஆளான ஒருவர் கையைத் தூக்கினால் அன்றைய அமர்வு முடிந்தது. டேனியல் டெனட்டின் 2006 நூல் இந்த மூன்றையும்விட நிதானமானது. நம்பிக்கை இருப்பது நல்லது என்று நம்புவதும் நம்பிக்கையும் வேறு வேறு என்று அவர் பிரித்துக் காட்டும் இடத்தை மட்டும் எடுத்துப் படிக்கலாம். பூமிதிக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்களில் எத்தனை பேர் முதல் வகை, எத்தனை பேர் இரண்டாம் வகை என்று யோசித்தால் பேச்சு நீளும்.

பூமிதி என்றதும் ஓர் எச்சரிக்கை. கரி வெப்பத்தை மெல்லக் கடத்தும், மேலே சாம்பல் படிந்திருக்கும், கால் பதியும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு; அதனால் பெரும்பாலும் சுடுவதில்லை. இது சரியான விளக்கம். 'ஆகவே மாரியம்மன் இல்லை' என்பது இதிலிருந்து வராது. 'அம்மன் அருளால்தான் சுடவில்லை' என்ற வாதம் மட்டும் விழும். இந்த இரண்டையும் குழப்புவதுதான் ஊர் நாத்திகத்தின் முதல் சறுக்கல்.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறித்தவன் அல்ல' உரை 1927 மார்ச் 6 அன்று லண்டன் பேட்டர்சீயில் நிகழ்த்தப்பட்டது. சுயமரியாதை இயக்கத்தார் தமிழாக்கிப் பரப்பினார்கள். இருபது பக்க அளவு, ஒரே அமர்வில் சத்தமாகப் படித்து முடிக்கலாம். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த முதல் காரணம் கடவுள் என்ற முதற்காரண வாதத்துக்கு அவர் சொல்லும் பதிலில் இரண்டு பகுதி உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் வேண்டும் என்பது முதல் பகுதி. காரணமில்லாமல் ஒன்று இருக்கலாம் என்றால் அது உலகமாகவே இருக்கலாமே என்பது இரண்டாம் பகுதி. மேடைகளில் எல்லாரும் எடுத்தாள்வது முதல் பகுதியை, பலவீனமானதும் அதுவே. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று தேர்ந்த ஆத்திகர் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பகுதி இன்றும் நிற்கிறது. இந்த இடத்தில் ரஸ்ஸல் உலகை யானை தாங்க, யானையை ஆமை தாங்கும் இந்து உவமையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். லண்டனில் சிரிப்பு வந்திருக்கும். குகைத் தெருவில் சைவ சித்தாந்தம் படித்த பெரியவர் ஒருவர் வட்டத்தில் இருந்தால் சிரிக்க மாட்டார். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவை எடுத்து நீட்டுவார்.

அதையும் வாங்கிப் படிக்க வேண்டும். அதன் ஆசிரியர் மெய்கண்டார் சொல்வது இது: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் மூவினை உடையது, மூவினை உடையதற்குச் செய்பவன் வேண்டும். மண் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, குயவன் இல்லாமல் பானை வராது. கடவுளைப் படைத்தவர் யார் என்று இங்கே கேட்டால் கேள்வி வழுக்கிக்கொண்டு போகும். மூவினைக்கு உட்பட்டதற்குத்தான் செய்பவன் தேவை, பதி, அதாவது இறைவன், அதற்கு உட்பட்டதல்ல. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்றும் சைவம் சொல்வதில்லை. உலகின் மூலப்பொருளான மாயை என்றும் உண்டு. மேற்கத்திய நூல்களின் அம்பு பாதிக்குமேல் இந்த இலக்கைத் தாண்டி எங்கோ விழுகிறது.

மறுக்கவே முடியாதா என்றால் முடியும். 1948இல் பிபிசி வானொலியில் பாதிரியார் கோபில்ஸ்டனோடு வாதிட்டபோது ரஸ்ஸல் சொன்னது உதவும்: ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு, அதனால் மனித இனத்துக்கு ஒரு தாய் உண்டு என்று ஆகாது. உலகத்துப் பொருள்கள் ஒவ்வொன்றும் தோன்றி ஒடுங்குவதால் உலகம் முழுதும் ஒருசேரத் தோன்றி ஒடுங்குகிறது என்று எடுக்க இன்னொரு சான்று வேண்டும். குயவன் திட்டாந்தத்தை உடைக்கக் குமாரில பட்டர் போதும். ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகர், வேதத்தைத் தலைமேல் வைத்தவர், ஆனால் படைப்புக் கடவுளை மறுத்தவர். எதுவும் இல்லாதபோது படைத்தவன் எங்கே நின்றான், உடம்பு இல்லாமல் அவனுக்கு ஆசை எப்படி வந்தது என்று 'சுலோகவார்த்திக'த்தில் கேட்கிறார். குயவனுக்குக் கை உண்டு, களைப்பு உண்டு, கூலி உண்டு. குயவனை உவமையாகக் கூட்டி வந்தால் இவையும் கூடவே வரும். நாத்திகம் என்ற சொல் மரபில் வேத மறுப்பைக் குறித்தது என்பதால் குமாரிலர் ஆத்திகர் பட்டியலிலேயே இருக்கிறார். இது வட்டத்தில் ஒரு நல்ல கால் மணி நேரத்தைத் தரும் செய்தி.

துன்பம் பற்றிய வாதத்துக்குப் பகத்சிங்கை எடுப்பதே மேல். தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி 1955 கட்டுரையில் வைத்த முக்கோணம் புகழ்பெற்றது: கடவுள் எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், இருந்தும் தீமை உண்டு, மூன்றும் ஒருசேர நிற்காது. நம்மூரில் இதைச் சொன்னால் உடனே வரும் பதில் 'அது அவரவர் வினைப்பயன்'. முக்கோணம் அங்கேயே சாய்ந்துவிடும். 1930 அக்டோபரில் லாகூர்ச் சிறையில் பகத்சிங் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' வினைப்பயனைத் தனியாக எடுத்து உடைக்கிறது. தண்டனைக்கு மூன்று நோக்கம் உண்டு: பழிவாங்கல், திருத்தல், அச்சுறுத்தித் தடுத்தல். இவற்றில் இன்றைய சிந்தனை ஏற்பது திருத்தலை மட்டும்தான், முற்பிறவிக் குற்றம் நினைவில் இல்லாதவரைத் தண்டனை எப்படித் திருத்தும் என்கிறார்.  வறுமையும் தீண்டாமையும் முற்பிறவித் தண்டனை என்றால் பயன் யாருக்கு என்றும் கேட்கிறார். ஆணவத்தால் நாத்திகனானான் என்ற பழிக்கு அவர் தொடக்கப் பக்கங்களில் தரும் விடை சற்று நீளம்; ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு. நம்பாததற்கான உள்நோக்கத்தை அம்பலப்படுத்தினால் வாதம் விழாது. நம்புகிறவரின் உள்நோக்கத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பதை நாத்திகர் மறந்துவிடுவார்கள். இது ப. ஜீவானந்தம் மொழிபெயர்ப்பில் பெரியார் வழியாகத் தமிழுக்கு வந்த நூல்.

பெரியாரை எங்கே வைப்பது? அவருடைய முதன்மைக் கேள்வி கடவுள் கருத்து யாருக்கு உதவுகிறது, யாரை அமுக்குகிறது என்பது. அதை இருப்புக்கு எதிரான சான்றாக எடுத்தால் மேலே சொன்ன உள்நோக்கச் சறுக்கல் வரும். சாதிக்கும் சாத்திரத்துக்கும் உள்ள கட்டை அவிழ்க்கும் வாதமாக எடுத்தால் டாக்கின்ஸ் முதல் டெனட் வரை யாரும் கிட்டே வர முடியாது; அவர்களுக்கு அந்தக் கேள்வியே தெரியாது. பேச்சுகள் மேடைக்கானவை, சொன்னது திரும்ப வரும். ஆகவே முழுதாகப் படிக்காமல், வே. ஆனைமுத்து தொகுத்து 1974இல் மூன்று தொகுதிகளாக வந்த 'பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்' நூலிலிருந்து கடவுள் பற்றி இரண்டு பேச்சு, வினை பற்றி ஒன்று என்று பொறுக்கி எடுப்பது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய நாத்திகர் ஒருவர் மணிமேகலை 27ஆம் காதையில் வருகிறார், பூதவாதி. தாதகிப் பூவையும் கருப்பங்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் எதிலும் தனியாக இல்லாத மதுக்களிப்பு பிறப்பதுபோல் நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறார். மூளையும் மனமும் பற்றி இன்று எழுதுகிறவர்கள் இதைவிட நல்ல திட்டாந்தம் தந்துவிடவில்லை. முற்பிறவி தெரியும் என்று மணிமேகலை சொன்னதும், அது தெய்வம் ஏறிய மயக்கமோ கனவோ ஆக இருக்கும் என்கிறார். ஆடியில் சாமியாடுவதைப் பார்த்து இன்றைய பகுத்தறிவாளர் சொல்வது அப்படியே. அவர் சறுக்குவது காட்சி மட்டுமே அளவை, அதாவது கண்டறிவது மட்டுமே அறியும் வழி, என்ற இடத்தில். உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை ஒரே கேள்வியில் மடக்கிவிடுகிறாள். 'கண்ணில் காட்டு, நம்புகிறேன்' என்கிற டீக்கடை நாத்திகம் இன்றும் இதே குழியில் விழுகிறது. புரந்தரர் என்ற பிற்காலச் சார்வாகர், அதாவது பூதவாதியைப் போன்ற பொருள்முதல்வாதி, அன்றாட அனுமானத்தை ஏற்று, உலகுக்கு அப்பாற்பட்டதைப் பற்றிய அனுமானத்தை மட்டும் மறுத்து இந்த ஓட்டையை அடைத்தார்.

எனவே பரிந்துரை இது. கலப்பு வட்டம், அதாவது கும்பிடுகிறவரும் மறுப்பவரும் சேர்ந்தது என்றால் ஒரே பெரிய நூலை எடுக்காதீர்கள். ஆறு ஞாயிறு, ஒவ்வொன்றும் 90 நிமிடம்: ரஸ்ஸல் உரை, சிவஞானபோதம் முதல் நூற்பா, டாக்கின்ஸின் நான்காம் அத்தியாயம் மட்டும், பகத்சிங், பெரியாரின் மூன்று பேச்சு, மணிமேகலை 27ஆம் காதை. கடைசி அமர்வுக்கு, சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தின் தொடக்கத்தில் உள்ள உலகாயத (பொருள்முதல்வாத) மறுப்பையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கட்சியை அவர் வாயாலேயே முழுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கும் முறையை அங்கே பார்க்கலாம். ஏற்கெனவே எல்லாரும் கழகக் குடும்பம் என்றால் பெரியாரையும் டாக்கின்ஸையும் விட்டுவிடலாம். அவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. சித்தியாரும் அக்வினாஸும்தான் வேர்க்க வைப்பார்கள். கல்லூரி மாணவர்கள் மட்டும் என்றால் பகத்சிங்கில் தொடங்குங்கள், அவர் அதை எழுதியபோது வயது 23.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. சார்ட் தாளை நான்காக மடித்துத் தலைப்பு எழுதி ஒட்டுங்கள்: கடவுள் உண்டா, மதத்தால் நன்மையா தீமையா, சாமியார் மோசடி, மனிதர் ஏன் நம்புகிறார்கள். ஒருவர் பேசும்போது அது எந்தக் கட்டத்துக்குரியது என்று குறிக்க ஓர் ஆள். முதல் அமர்வில் பத்தில் எட்டுப் பேச்சு முதல் கட்டத்துக்கு வெளியே விழும், பதற வேண்டாம். மறுப்பவருக்கு ஆத்திக வாதத்தையும் கும்பிடுகிறவருக்கு நாத்திக வாதத்தையும் ஒப்படைத்துப் படித்துவரச் சொல்லுங்கள். கிண்டல் தானே குறையும். 1971 பற்றிய பேச்சு எழுந்தால் அதற்கென்று தனியாக ஒரு மாலை வைத்துக்கொள்வது நல்லது. நுழையவிட்டால் அன்றைய பக்கம் புரளாது.

ஆறு வாரத்துக்குப் பிறகும் ஆங்கிலம் ஓடுகிறவர்கள் நான்கைந்து பேர் மிஞ்சினால், 1982இல் வந்த மேக்கியின் 'தி மிராக்கிள் ஆஃப் தீயிசம்' கையில் எடுக்கத் தகும். முதற்காரண வாதத்துக்கு 5ஆம் அத்தியாயம், வடிவமைப்புக்கு 8, துன்பத்துக்கு 9. டாக்கின்ஸ் ஒரே மூட்டையாகக் கட்டிய காரண வாதங்களை இவர் மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதன் வலுவான வடிவில் எடுத்து மறுக்கிறார். மணிக்கு ஆறு பக்கம் நகர்ந்தால் நல்ல வேகம். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு ஞாயிறு போகும். 9ஆம் அத்தியாயத்துக்கு மூன்றாவதும் தேவைப்படலாம், ஏனெனில் மேக்கி எழுதாத வினைப்பயன் பதிலை வட்டம்தான் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.